‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பிறந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிதார் கையில் எடுத்தவர் எவரும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கும் பாட்டு இது. ‘நீரின் மேல் புகை’ என்பது தலைப்பின் பொருள்; ஒரு தீ விபத்தைச் சொல்லும் பாட்டு. ஆனால் இதன் பின்னணி பற்றிப் பலருக்கும் அரைகுறையான செய்திகளே வந்து சேர்ந்திருக்கின்றன. ராக் இசை கேட்கத் தொடங்கியவர்களும் கிதார் பயில்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது யார் பாட்டு? எப்போது வந்தது?

இங்கிலாந்தைச் சேர்ந்த டீப் பர்ப்பிள் என்ற குழுவின் பாட்டு. 1971 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டு, 1972 மார்ச்சில் ‘மெஷின் ஹெட்’ என்ற இசைத்தட்டில் ஏழு பாட்டுகளுள் ஒன்றாக வெளியானது. அப்போது குழுவில் இருந்தவர்கள் ஐவர்: பாடகர் இயன் கில்லன், கிதாரில் ரிச்சி பிளாக்மோர், பேஸ் கிதாரில் ரோஜர் குளோவர், ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்ஸில் இயன் பெய்ஸ். பாட்டை எழுதியவர்களாக ஐவர் பெயருமே பதிவாகியிருக்கின்றன.

நிஜமாகவே தீப்பிடித்ததா, இல்லை பாட்டுக்காகக் கட்டிய கதையா?

நிஜமாகவே நடந்தது. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் கரையில் மான்ட்ரூ என்ற ஊர் இருக்கிறது. 1971 டிசம்பர் 4, சனிக்கிழமை அன்று, அவ்வூர் கேசினோவின் (சூதாட்டக் கேளிக்கை மாளிகையின்) அரங்கில் அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவும் அவருடைய ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவும் கச்சேரி செய்துகொண்டிருந்தனர். கச்சேரியின் பிற்பகுதியில் சின்தசைசர் தனி வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்த ஒருவர் கூரையை நோக்கிச் சுடர்த்துப்பாக்கியால் சுட்டார். கடலில் ஆபத்தில் சிக்கியவர்கள் உதவி கேட்டு வானத்தில் ஒளிப்பிழம்பை எய்வதற்கு வைத்திருக்கும் கருவி அது. கூரையின் உட்புறம் பிரம்பால் மூடப்பட்டிருந்ததால் நெருப்பு அதைப் பற்றிக்கொண்டு பரவியது.

அந்தக் கச்சேரியை யாரோ ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்தார்கள். அது திருட்டுப் பதிவாகச் சுற்றிவந்து, பின்னர் ஜாப்பாவின் பெயரிலேயே முறையாகவும் வெளியானது. பதற்றத்தைக் கூட்டாத குரலில் அவர் தீ என்று அறிவிப்பதையும், மக்களை அமைதியாக வெளியேறச் சொல்வதையும் அதில் கேட்கலாம். கேசினோ முழுவதும் எரிந்து போனது. மேடையில் இருந்த ஜாப்பா குழுவின் இசைக்கருவிகளும் அதோடு எரிந்தன. டீப் பர்ப்பிள் குழுவினர் அன்று அரங்கில் பார்வையாளர்களாக இருந்து வெளியேறியவர்கள். பின்னர் தாங்கள் தங்கியிருந்த விடுதியிலிருந்து, எரியும் கட்டடத்தின் புகை ஏரி நீரின் மேல் படர்ந்து செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாராவது இறந்தார்களா? பாட்டில் ‘ஃபங்கி கிளாட்’ என்று வருகிறதே, அது யார்?

எவரும் உயிரிழக்கவில்லை. அதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் அந்தக் கிளாட் தான். கிளாட் நாப்ஸ் என்பது அவர் முழுப்பெயர். 1967இல் மான்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அன்றைய கச்சேரிக்கும் அவரே பொறுப்பு. வெளியே போகாமல் கட்டடத்திற்குள்ளேயே பாதுகாப்பான இடம் என்று நினைத்துப் பதுங்கியிருந்த இளைஞர்களை அவர் உள்ளே போய் வெளியே இழுத்து வந்தார். அவர் உள்ளும் புறமுமாக ஓடியதாகப் பாட்டு சொல்வது அலங்காரம் அல்ல, கண்ணால் கண்ட சாட்சியம். நாப்ஸ் 2013 ஜனவரியில் காலமானார்.

இங்கிலாந்துக் குழு பாட்டுப் பதிவுக்கு ஏன் சுவிட்சர்லாந்தில் ஒரு கேசினோவைத் தேடிப் போனது?

டீப் பர்ப்பிளின் பலம் மேடையில்தான் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தின் பஞ்சுச் சுவர்களுக்குள் வாசித்தால் அந்த வேகமும் முழக்கமும் நாடாவில் ஏறுவதில்லை என்று அவர்கள் கருதினார்கள். ரசிகர்கள் இல்லாத, ஆனால் கச்சேரி அரங்கின் எதிரொலி உள்ள ஓர் இடத்தில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது திட்டம். குளிர்காலத்தில் கேசினோ அரங்கு மூடப்படும். ஜாப்பாவின் கச்சேரிதான் அந்தப் பருவத்தின் கடைசி நிகழ்ச்சி. அது முடிந்த மறுநாள் முதல் அரங்கு இவர்கள் வசம் வருவதாக ஏற்பாடு. ஆகவே டிசம்பர் 4 இரவு எரிந்தது யாரோ ஒருவருடைய கட்டடம் மட்டுமல்ல, இவர்கள் வாசித்துப் பதிவு செய்யவிருந்த இடமும்தான். பாட்டின் பின்பாதியில் வரும் அவசரமும் அலைச்சலும் இதிலிருந்து பிறந்தவை.

பாட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் பெயர் வருகிறது. அவர்களும் அங்கே இருந்தார்களா?

இல்லை. அவர்களுடைய லாரி இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு லாரிக்குள் முழு ஒலிப்பதிவுக் கூடத்தையே கட்டி, தங்களுக்குத் தேவைப்படாத காலத்தில் பிற குழுக்களுக்கு வாடகைக்கு விட்டது. லெட் செப்பலின் என்ற மற்றொரு ராக் குழு தங்களுடைய நான்காவது இசைத்தட்டின் பெரும்பகுதியை ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிவு செய்யப் பயன்படுத்தியதும் இதே லாரியைத்தான். எந்தக் கட்டடத்தின் வாசலில் வேண்டுமானாலும் நிறுத்தி, கம்பிவடங்களை உள்ளே இழுத்து, ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடங்களில் நாடாவில் பிடிக்கலாம்.

தீ விபத்துக்குப் பிறகும் பதிவுத் திட்டம் பிழைத்தது இந்த லாரியால்தான். கட்டடம் போனாலும் கூடம் போகவில்லை. வேறொரு கட்டடம் கிடைத்தால் போதும் என்ற நிலை. லாரிக்குள் அமர்ந்து பதிவு செய்த ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பர்ச், பிற்காலத்தில் அயர்ன் மெய்டன் குழுவின் புகழ்பெற்ற இசைத்தட்டுகளைத் தயாரித்தவர்.

‘புகை’ என்றால் கஞ்சாப் புகை என்று நண்பன் சொல்கிறான். சரியா?

சரியல்ல, ஆனால் உங்கள் நண்பருக்கு முன்பே இயன் கில்லனுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தீ விபத்து நடந்து சில நாட்களுக்குப் பின், ஒரு காலையில் தூக்கம் கலைந்து எழும்போதே ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என்ற தொடர் ரோஜர் குளோவரின் வாயில் வந்தது. அதை அவர் கில்லனிடம் சொன்னபோது, போதைப் பொருள் பற்றிய பாட்டு போல ஒலிக்கிறதே என்று கில்லன் தயங்கினார். அதனால் தலைப்பு சில நாட்கள் சும்மா கிடந்தது. புகை என்பது முன்பு சொன்ன அதே கேசினோவின் புகை, நீர் என்பது ஜெனீவா ஏரியின் நீர். அதற்கு மேல் மறைபொருள் எதுவும் இல்லை.

முதலில் இசை வந்ததா, வரிகள் வந்தனவா?

இசை. அதுவும் இந்தக் கதையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல். கேசினோ எரிந்த பிறகு நாப்ஸ் ஊருக்குள்ளேயே பெவிலியன் என்ற அரங்கை ஏற்பாடு செய்து கொடுத்தார். அங்கே கருவிகளை அமைத்து, ஒலி சரிபார்த்து, பிளாக்மோரிடம் இருந்த ஒரு ரிஃப்பை, அதாவது பாட்டு முழுவதும் மீண்டும் மீண்டும் வரும் அந்தச் சிறு கிதார்த் தொடரை, வைத்து ஒரு வாத்தியப் பகுதியை வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அப்போது அதற்குப் பாட்டு வரிகளும் இல்லை, பெயரும் இல்லை.

பிரச்சினை, நேரம். ஊர் உறங்கும் வேளையில் டீப் பர்ப்பிள் முழு ஒலியில் வாசித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அக்கம்பக்கத்தார் காவல்துறைக்குப் புகார் செய்தார்கள். போலீசார் வந்து கதவைத் தட்டினார்கள். உள்ளே அப்போதுதான் நல்லதொரு வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. குழுவின் உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து பிடித்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். வாசிப்பு முடியும் வரை போலீசாரால் உள்ளே வர முடியவில்லை. அன்று நாடாவில் ஏறிய கிதார், ஆர்கன், பேஸ், டிரம்ஸ் வாசிப்புதான் இன்று நாம் கேட்கும் பாட்டின் அடித்தளம். அதன் பிறகு அந்த அரங்கில் அவர்கள் வாசிக்க அனுமதி கிடைக்கவில்லை.

அப்படியானால் மீதி இசைத்தட்டை எங்கே பதிவு செய்தார்கள்?

கிராண்ட் ஹோட்டலில். அது குளிர்காலத்திற்காக மூடப்பட்டிருந்த பெரிய விடுதி. ஆளில்லை, வெப்பமூட்டும் வசதி இயங்கவில்லை. அதன் ஒரு நடைக்கூடத்தைத் தச்சர்களைக் கொண்டு அடைத்து, விடுதியின் படுக்கை மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி எதிரொலியைக் கட்டுப்படுத்தி, அதையே பதிவுக் கூடமாக்கினார்கள். பாட்டின் கடைசிப் பகுதியில் வரும் சிவப்பு விளக்குகளும் பழைய படுக்கைகளும் இவைதான்.

இங்கே ஒரு நடைமுறைச் சங்கடம் இருந்தது. இசைத்தட்டின் தன்மையையே அது தீர்மானித்தது என்பது என் கருத்து. வாசித்ததை நாடாவில் போட்டுக் கேட்க வேண்டுமானால் வெளியே நிற்கும் லாரிக்குப் போக வேண்டும். நடைக்கூடத்திலிருந்து லாரிக்கு நேர்வழி இல்லை. அறைகளுக்குள் நுழைந்து, குளியலறையைக் கடந்து, பால்கனி வழியாக, டிசம்பர் குளிரில் வெளிப்படிகளில் இறங்கிப் போக வேண்டியிருந்தது. சில முறை போய்வந்த பின் அவர்கள் அதைக் கைவிட்டார்கள். தங்களுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும் வரை வாசிப்பது, பிறகு அடுத்த பாட்டுக்குப் போவது என்றாயிற்று. போட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும் வாய்ப்பு இருந்திருந்தால் இதே இசைத்தட்டின் ‘ஹைவே ஸ்டார்’ போன்ற பாட்டுகளில் உள்ள அந்த மூச்சிரைப்பு தேய்ந்து போயிருக்கக்கூடும். டிசம்பர் 6 முதல் 21 வரை, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முழு வேலையும் முடிந்தது.

பெவிலியனில் பதிவான இசைக்கு இந்த வரிகள் எப்படி வந்து சேர்ந்தன?

பதிவு முடியும் தறுவாயில் கணக்குப் பார்த்தபோது, ஓர் இசைத்தட்டின் இரு பக்கங்களையும் நிரப்பப் போதுமான பாட்டு கையில் இல்லை என்று தெரிந்தது. அப்போதுதான் பெவிலியன் இரவில் பதிவான, பெயரில்லாத அந்த நாடா நினைவுக்கு வந்தது. அதற்கு வரிகள் வேண்டும், நேரமோ இல்லை. கில்லனும் குளோவரும் கற்பனையைத் தேடிப் போகாமல், அந்த ஊருக்கு வந்தது முதல் தங்களுக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிட்டார்கள். போதைப் பாட்டு என்று ஒதுக்கி வைத்திருந்த தலைப்பு அதன் பல்லவியாயிற்று. கில்லன் குரலைக் கிராண்ட் ஹோட்டலில் தனியாகப் பாடிச் சேர்த்தார்.

இந்த வரிகளில் உவமை இல்லை, தத்துவம் இல்லை. ஏரிக்கரைக்கு வந்தோம், லாரி கொண்டுவந்தோம், ஜாப்பா வாசித்துக்கொண்டிருந்தார், ஒரு முட்டாள் துப்பாக்கியால் சுட்டான், எல்லாம் எரிந்தது, இன்னொரு இடம் தேடினோம் என்று ஒரு செய்தியாளரின் குறிப்பைப் போல நகர்கிறது. அந்த எளிமைதான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதை உயிரோடு வைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரிகளில் சொன்னதெல்லாம் அப்படியே நடந்ததா? ஏதாவது விட்டுப்போனதா?

சொன்னவை நடந்தவையே. விட்டுப்போன ஒன்று மிக முக்கியமானது: பெவிலியன். பாட்டில் எரிந்த கேசினோவிலிருந்து கதை நேராகக் கிராண்ட் ஹோட்டலுக்குப் போய்விடுகிறது. வரிகளை மட்டும் வைத்துக் கேட்பவர், தான் கேட்கும் கிதாரும் டிரம்ஸும் அந்தக் குளிர்ந்த விடுதியில் பதிவானவை என்றே எண்ணுவார். உண்மையில் இந்த ஒரு பாட்டின் வாத்தியப் பகுதி மட்டும்தான் விடுதியில் பதிவாகாதது. தன் சொந்த இசை பிறந்த இடத்தை மட்டும் பாட்டு சொல்லாமல் விட்டிருக்கிறது.

ஜாப்பாவுக்கு அதன் பிறகு நடந்ததும் பாட்டில் இல்லை. ஆறு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, லண்டன் ரெயின்போ அரங்கில் ரசிகர் ஒருவர் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டார். பலத்த காயம் அடைந்து நீண்ட காலம் சக்கர நாற்காலியில் இருந்தார். குரல்வளை நசுங்கியதால் அவர் குரலே நிரந்தரமாகத் தாழ்ந்துபோனது.

அந்த ரிஃப்பில் என்னென்ன சுரங்கள்? கர்நாடக இசை படித்தவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

‘ஜி’ சுருதியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நான்கே சுரங்கள்: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம். முதல் அடி ச க ம. இரண்டாவது அடி ச க என்று ஏறி, பிரதி மத்திமத்தைத் தொட்டு உடனே சுத்த மத்திமத்தில் இறங்கும். மூன்றாவது அடி மீண்டும் ச க ம. அதன் முடிவில் க ச என்று திரும்பி வந்து அமரும். ஹமீர்கல்யாணி போன்ற ராகங்களில் இரு மத்திமங்களும் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இங்கே பிரதி மத்திமம் அமெரிக்க புளூஸ் இசையிலிருந்து வந்தது, நிற்பதற்கு அல்ல, நழுவுவதற்கே உள்ளது.

இனிதான் முக்கியமான விஷயம். பிளாக்மோர் ஒவ்வொரு சுரத்தோடும் அதற்கு நான்காவது இடைவெளியில் கீழே உள்ள சுரத்தையும் சேர்த்து ஒலிக்கிறார். ஷட்ஜத்தோடு கீழ்ஸ்தாயிப் பஞ்சமம், காந்தாரத்தோடு கீழ்ஸ்தாயிக் கைசிகி நிஷாதம், சுத்த மத்திமத்தோடு ஷட்ஜம், பிரதி மத்திமத்தோடு சுத்த ரிஷபம். இரண்டு குரல்கள் ஒரே இடைவெளியில் சேர்ந்தே ஏறி இறங்குவதால்தான் அதில் ஒரு பழமையான கனம் தெரிகிறது.

யூடியூப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். ஆனாலும் அசல் மாதிரி வரவில்லையே, ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, பலரும் அடிச்சுரத்தைக் கீழேயும் பஞ்சமத்தை மேலேயும் வைத்து வழக்கமான பவர் கார்டாக வாசிக்கிறார்கள். முந்தைய பதிலில் சொன்னபடி இங்கே மெட்டுச் சுரம் மேலே, துணைச் சுரம் கீழே. எளிய வழி, கிதாரின் நான்காம், மூன்றாம் தந்திகளைச் சேர்த்து மீட்டுவது: முதலில் இரண்டும் திறந்த தந்திகள், பிறகு மூன்றாம் ஃப்ரெட் (கிதார்க் கழுத்தின் குறுக்கே உள்ள கட்டை), ஐந்தாம் ஃப்ரெட்; இரண்டாவது அடியில் ஐந்துக்கு முன் ஆறாம் ஃப்ரெட்டை ஒரு கணம் தொட வேண்டும்.

இரண்டு, பிளெக்ட்ரம், அதாவது தந்தியை மீட்டும் சிறு தகடு. அதைக் கொண்டு அடித்தால் ஒரு தந்தி முந்தியும் மற்றது பிந்தியும் ஒலிக்கும். பிளாக்மோர் இந்த இடத்தில் பிளெக்ட்ரத்தை விட்டுவிட்டு இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒரே நொடியில் சுண்டி இழுக்கிறார். விரலால் இழுத்துப் பாருங்கள், ஒலி உடனே மாறும். இன்னொன்று, அடிகளுக்கு இடையே உள்ள மௌனங்களைச் சரியாக விட வேண்டும். தந்தியை உரிய இடத்தில் அமுக்கி ஒலியை நிறுத்தாவிட்டால் ரிஃப் குழைந்துவிடும்.

அவ்வளவு பெரிய ஒலி ஒரே கிதாரிலிருந்தா வருகிறது?

இல்லை. தொடக்கத்தில் கிதார் தனியாக வருகிறது. பிறகு டிரம்ஸின் ஹை-ஹாட்டும் (ஜோடித் தாளத்தட்டும்) ஆர்கனும், அதன் பின் முழு டிரம்ஸும் பேஸும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. அந்த ஆர்கன்தான் பலர் காதில் இரண்டாவது கிதாராக விழுகிறது. ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனைக் கிதார்க்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைத்து, அதே ரிஃப்பைக் கிதாரோடு சேர்ந்து வாசிக்கிறார். ஹெட்ஃபோனில் ஆர்கன் நுழையும் இடத்தைக் கவனித்தால், ஒலி திடீரென்று அகலமாவது தெரியும்.

இந்த ரிஃப் வேறு எங்கிருந்தோ எடுத்தது என்கிறார்களே?

கார்லோஸ் லைரா இயற்றிய ‘மரியா மொய்தா’ என்ற பிரேசில் பாட்டை ஆஸ்த்ருட் ஜில்பெர்த்தோ பாடிய 1960களின் பதிவோடு இதற்கு ஒற்றுமை இருப்பதைப் பலர் சுட்டிக்காட்டுகிறார்கள். கேட்டால் ஒற்றுமை தெரியத்தான் செய்கிறது. பிளாக்மோரோ, பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத்தைத் திருப்பிப் போட்டதுதான் இது என்று ஒரு பேட்டியில் வேடிக்கையாகச் சொன்னார். நான்கே சுரங்களில் புளூஸ் சாயலோடு மெட்டமைத்தால் முன்னோடிகள் அகப்படுவது இயல்பு. நான்காவது இடைவெளித் துணைச் சுரமும், விரலால் சுண்டும் முறையும், மௌனங்களும் சேர்ந்த இந்த வடிவம் பிளாக்மோருடையது என்பதே என் முடிவு.

வெளியானதும் பெரிய வெற்றியா?

உடனே இல்லை. இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, ஆனால் அதிலிருந்து தனிப்பாட்டாக வெளியிடக் குழு தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிஃபோர்’ என்ற வேறு பாட்டை. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ மேல் அவர்களுக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. பதிவான நாடாவைக் கேட்டதுமே இது பெரும் வெற்றி பெறும் என்று தான் சொன்னதாக நாப்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மேடையில் ரசிகர்கள்தான் இதைத் தூக்கிப் பிடித்தார்கள். 1973 மே மாதம் அமெரிக்காவில் தனிப்பாட்டாக வெளியாகி, பில்போர்ட் இதழின் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. பாட்டு பட்டியலில் ஏறிக்கொண்டிருந்த அந்த ஜூன் இறுதியில்தான், வரிகளை எழுதிய கில்லனும் குளோவரும் குழுவிலிருந்து விலகினார்கள். ஐவரும் மறுபடி ஒன்று சேர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எரிந்த கேசினோ என்ன ஆயிற்று?

மீண்டும் கட்டப்பட்டு 1975இல் திறக்கப்பட்டது. புதிய கட்டடத்துக்குள் மவுண்டன் ஸ்டூடியோஸ் என்ற ஒலிப்பதிவுக் கூடமும் அமைந்தது. பின்னர் அதைக் குயின் குழு விலைக்கு வாங்கியது. டீப் பர்ப்பிள் பதிவு செய்ய வந்து முடியாமல் போன அதே இடம், பிறகு பல ஆண்டுகள் முறையான பதிவுக் கூடமாக இயங்கியிருக்கிறது.

நிறைய பதிவுகள் கிடைக்கின்றன. எதைக் கேட்பது?

முதலில் ‘மெஷின் ஹெட்’ பதிவு. ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. போலீசார் கதவுக்கு வெளியே நின்ற இரவின் வாசிப்பு அதுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு டிரம்ஸை மட்டும் ஒருமுறை கவனியுங்கள். அடுத்து, 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’. அங்கே பிளாக்மோரும் லார்டும் பாட்டின் இறுதியில் மாறி மாறி வாசித்து நீட்டுவதைக் கேட்டால், இவர்கள் ஏன் கச்சேரி அரங்கைத் தேடி அலைந்தார்கள் என்பது விளங்கும்.

மூன்றாவதாக, 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்ட 1989இல் மறுபதிவான ‘ராக் எய்டு ஆர்மீனியா’ வடிவம். கில்லன், பிளாக்மோரோடு டேவிட் கில்மர், பிரையன் மே, டோனி அயோமி, புரூஸ் டிக்கின்சன், பால் ராட்ஜர்ஸ் போன்ற பிற ராக் குழுக்களின் கலைஞர்கள் அதில் பங்கேற்றார்கள். அசலுக்கு நிகர் என்று சொல்ல மாட்டேன், பளபளப்பு கூடிவிட்டது. ஆனால் ஒரே ரிஃப்பை வெவ்வேறு கைகள் எப்படி எடுத்தாள்கின்றன என்று அறிய விரும்பும் கிதார் மாணவர் அதைக் கேட்காமல் விடக்கூடாது.